தட்டை அழுவதில்லை

உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, சார். உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெல்லிசாக ஒரு 'கீ' விடாமல் வருகிறது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு மாற்றத்தான் வேண்டும். உங்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். பரவாயில்லை. பெரும்பாலான பேருக்கு அது கேட்பதில்லை.

நான் சொல்கிறேன், ஏட்டையா எழுதட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்கிறீர்கள். உங்கள் இலாகாவில் அது பழக்கமாக இருக்கலாம். எதிரில் இருப்பவன் வாயைப் பார்த்துப் பேசுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். பஸ் பின்னால் வரும்போது கண்டக்டர் பிச்சை விசில் ஊதினார். நன்றாகவே ஊதினார். அவரையும் டிரைவரையும் முந்தாநாளிலிருந்து உட்கார வைத்திருக்கிறீர்களாம். அனுப்பிவிடுங்கள். பரக்கத் அலி பாய் செத்ததற்குக் காரணம் நான். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். இதைப் பாவசங்கீர்த்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மண்டியிட வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாயின் சம்சாரம் சுராயா அம்மா ஊரெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கடையில் இருந்த பழைய ஹெட்போன்தான் பாய் காதைக் கெடுத்தது, டாக்டரே சொன்னார் என்று. அது பொய். பழைய ஹெட்போன் ஒரு பாவமும் செய்யவில்லை. செய்தது புதியது. புதியதை வைத்து நான். தப்பான ஒரு விஷயம் ஊரில் உலவுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

என் பெயர் தைரியராஜ். வீடு எடமலைப்பட்டி புதூர். அம்மா இருதயமேரியும் நானும்தான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதைச் சொன்னாலும் முணுமுணுப்பாகத்தான் சொல்வாள். துவாக்குடியில் என்ஜினியரிங் படித்தேன். மூன்றாம் வருஷத்தோடு விட்டுவிட்டேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. பரீட்சைக்குப் போகாமல் அறையிலேயே படுத்திருந்தேன், அவ்வளவுதான். படித்த காலேஜுக்கு எதிர்ப்புறமே ஒரு பாய்லர் ஷெட்டில் வேலை கிடைத்தது. தகடு வளைப்பது, சுத்தியால் தட்டிப் பிசிர் எடுப்பது. எழுபத்தைந்திலிருந்து அங்கே நைட் ஷிப்ட். பகலில் மனுஷர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அதைக் கேட்டு வாங்கினேன். சத்தமாக இருக்கும் என்பார்கள். பழகிவிட்டால் ஒன்றும் தெரியாது.

காலையில் ஷிப்ட் முடிந்ததும் நேரே சிங்காரத்தோப்புக்கு வந்துவிடுவேன். பாயின் கேசட் கடை அங்கேதான். ஜனங்கள் வேண்டிய பாட்டைச் சொல்வார்கள், பாய் வெறும் கேசட்டில் பதிந்து கொடுப்பார். திருச்சியில் அப்படி எத்தனையோ கடை உண்டு. ஆனால் பாய் கடைக்கு அரியலூரிலிருந்தும் ஆள் வரும். காரணம் பாயின் காது. மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்பார். எங்கேயாவது டேப் லேசாக நடுங்கினால்கூட நிறுத்தி மறுபடி பதிவார். நான் போய்ச் சேர்ந்த பிறகு பாதி வேலை எனக்குக் கொடுத்தார். காலேஜை விட்டவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பாய் கடையில் எனக்கு வேறு பெயர் இருந்தது. 'நம்ம தைரியத்துக்குக் காது பாம்புக் காதுங்க' என்று கஸ்டமரிடம் சொல்வார். எனக்கு இருந்தது அது ஒன்றுதான், சார். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

பாயிடம் ஒரு சட்டம் இருந்தது. ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டுகிற குமிழில் வீட்டிலிருந்து கொண்டுவந்த நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார். யாராக இருந்தாலும் அந்தப் புள்ளியைத் தாண்டித் திருப்பக் கூடாது. 'நமக்குச் சோறு போடுறது காதுடா. அதுல கை வச்சா அப்புறம் சட்டி எதுக்கு, அடுப்பு எதுக்கு' என்பார். எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் அவர் கை புள்ளியிலேயே நிற்கும். அந்த மாதிரி ஒழுங்கு உள்ள மனுஷரை நான் வேறு பார்த்ததில்லை.

எண்பத்து மூன்றில் பாயின் மச்சான் குத்புதீன் குவைத்திலிருந்து லீவில் வரும்போது ஒரு ஹெட்போன் கொண்டுவந்தார். கனமாக, கறுப்பாக, சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. காலேஜ் லைப்ரரியில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றிப் படித்திருந்தேன்.

சாதாரண ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர். நாங்கள் அதை உருண்டை என்போம். கூம்பு மாதிரி ஒரு ஜவ்வு, நடுவில் கம்பிச்சுருள். சுருள் நடுவிலிருந்து தள்ளும், ஓரம் ஒரு நொடி தாமதித்துப் பின்னால் வரும். குத்புதீன் கொண்டுவந்தது வேறு சாதனம். அதில் கூம்பே கிடையாது. மெல்லிய ஒரு தாள், தாள் முழுக்கக் கம்பிக் கோடு, இருபுறமும் காந்தம். தாள் மொத்தமும் ஒரே சமயத்தில் முன்னே போகும், ஒரே சமயத்தில் பின்னே வரும். அதற்குத் தட்டை என்று பெயர் வைத்தோம்.

வித்தியாசம் பாஸில்தான் தெரியும். மிருதங்கத்தின் இடப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையில் ஒரு 'தொம்' விழுந்தால் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த 'தொம்' அதன் மடியிலேயே வந்து விழும். தட்டையில் ஒவ்வொன்றும் தனியாக வரும், தனியாகப் போகும். தோல் அமுங்குவதும் மீள்வதும் தெரியும். சுருதி கீழே இறங்க இறங்க உருண்டைக்கு மூச்சு வாங்கும். அதை மறைப்பதற்கு வழியில் ஓர் இடத்தில் வீங்கிக் காட்டும். அந்த வீக்கத்தைத்தான் ஜனங்கள் பாஸ் என்கிறார்கள். தட்டை வீங்காமல் அடிமட்டம் வரை போகும். இதெல்லாம் பத்திரிகையில் போட்டிருந்தது. மாட்டிக் கேட்டேன். போட்டிருந்தது சரியாகவே இருந்தது.

பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாஸுன்னா பிரியாணி அண்டாவைத் தரையில இறக்கி வைக்கிற மாதிரி இருக்கணும்டா. தொம்முனு. உன் தட்டை சாஸர்ல ஸ்பூன் வைக்குது" என்றார்.

"அண்டாவும் வேணும், உள்ள பிரியாணியும் வேணும்ல பாய்" என்றேன்.

"கேட்டியா மச்சான், மூணு வருஷம் என்ஜினியரிங். வாய் மட்டும் பாஸ் ஆயிடுச்சு."

குத்புதீன் சிரித்தார். அது கோபப்படுகிற பேச்சு இல்லை, நானும் கோபப்படவில்லை. பாய்க்கு ஏன் தட்டை பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடியின் காம்பு காதுக்கும் ஹெட்போன் மெத்தைக்கும் நடுவில் சந்து விடும். தட்டையில் அந்தச் சந்து வழியாக பாஸ் மொத்தமும் ஓடிப்போய்விடும். உருண்டைக்கு வீக்கம் இருப்பதால் அவ்வளவு தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் விவாதம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வடுகநம்பி ஐயங்கார் வந்தார். சித்திரை வீதிக்காரர். மகள் வீணை வாசிப்பாள். அவள் கச்சேரி டேப்பை நான் கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தேன். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தைரியராஜ், வீணைக்குப் பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கே. எண்ணெய்ச் சட்டியில அப்பளம் போட்டாப்பல. உமக்குக் கேக்கலையா?"

கேட்டுப் பார்த்தேன். இரைச்சல் எதுவும் இல்லை. அவர் வீட்டு டேப்ரிகார்டரில் கோளாறு என்று சொன்னேன். பாய் வாங்கி மாட்டினார். கொஞ்ச நேரம் கேட்டார். அவரே திருப்பிப் பதிந்து கொடுத்து அனுப்பினார். பிறகு இன்னும் சில பேர் அதே மாதிரி திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஆரம்பித்தால் நாலு பேர் சேர்ந்துகொள்வது இந்த ஊர் வழக்கம்.

ஒருநாள் பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தைரியம், பதியிறதை நான் பாத்துக்கிறேன். நீ ரிப்பேரு, கவுண்டரு பாரு. ராத்திரி பூரா ஷெட்டுல கிடந்துட்டு வர்ற. காது அசந்து போயிருக்கும்டா. கொஞ்ச நாள்தான்."

கொஞ்ச நாள் என்றுதான் சொன்னார். நான் டீயைக் குடித்து முடித்தேன். என் காதில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் கையை என் தோளில் வைத்தார். அப்படித் தோளில் கை வைப்பதை நான் அறிவேன். காலேஜை விட்ட நாளில் பிரின்சிபாலும் அப்படித்தான் வைத்தார்.

சோதித்துப் பார்க்கலாம் என்று நான்தான் கேட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு ஹெட்போனையும் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும், எதில் பாஸ் நிஜம் என்று சொல்ல வேண்டும். யார் காது சரி என்று தெரிந்துவிடும். நான் ஜெயித்தால் பதிகிற வேலை என்னிடம் திரும்ப வர வேண்டும். பாய் சரி என்றார்.

சத்தம் கூடக் குறைய இருந்தால் சோதனை செல்லாது. கூடுதலாகக் கேட்பதுதான் நல்லது என்று எல்லாக் காதும் சொல்லும். அதற்காக நானே ஒரு பெட்டி செய்தேன். இரண்டும் ஒரே அளவில் வரும்படி மீட்டர் வைத்துப் பார்த்து, மூடித் திருகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். வடுகநம்பி ஐயங்கார் நடுவர். அவர் மகளின் வீணைக் கச்சேரிதான், மிருதங்கத்தோடு. எடையை வைத்து எது என்று தெரியாமல் இருக்க, மறுபடி லீவில் வந்திருந்த குத்புதீன் ஹெட்போனைத் தன் கையிலேயே தாங்கிப் பிடித்துக் காதில் அழுத்தினார்.

பாய் முதலில். துண்டு கட்டுவதற்குக் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டையும் கேட்டார், மறுபடி கேட்டார். "ரெண்டாவதுதான்" என்றார். "அல்லாஹ், ஒவ்வொரு விரலும் தெரியுதே." இரண்டாவது தட்டை. துண்டை அவிழ்த்துப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் தோத்துட்டேன்டா தைரியம். நீ சொன்னதுதான் சரி. இத்தனை நாளா கண்ணாடியை மாட்டிக்கிட்டு கேட்டிருக்கேன் பாரு."

அடுத்தது நான். இரண்டையும் கேட்டேன். ஒன்று வெறுமையாக இருந்தது. இன்னொன்று தாடை எலும்பு வரை இறங்கியது. இதுதான் என்றேன். மறுபடி மாற்றி வைத்தார்கள். இதுதான் என்றேன். எத்தனை தடவை மாற்றினாலும் சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.

துண்டை அவிழ்த்தபோது குத்புதீன் கையில் இருந்தது உருண்டை.

வடுகநம்பி ஐயங்கார் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடினார். குத்புதீன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தட்டைக்கு வக்காலத்து வாங்குனவரு உருண்டைக்கு ஓட்டுப் போட்டுட்டாருப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "ஒரு நாள் டாக்டர்கிட்ட போய்ப் பாத்துட்டு வருவோம்டா. நானும் வரேன்" என்றார்.

யாரோ பெட்டிக்குள் கை வைத்திருக்கிறார்கள், உருண்டைக்குச் சத்தம் கூடியிருக்கிறது. அப்போது எனக்கு அப்படித்தான் பட்டது. பிறகு திறந்து பார்த்தேன். என் திருகு என் திருகாகவே இருந்தது. மீட்டரும் சரியாகவே காட்டியது. மீட்டர் பழசு.

நீங்கள் ஏட்டையாவைப் பார்க்கிறீர்கள். பைத்தியக்காரன் என்று நினைக்க வேண்டாம். இனிமேல்தான் விஷயம்.

அன்றிலிருந்து பாய் தட்டைக்கு மாறிவிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மாட்டுவார். தட்டைக்கு ஒரு குறை உண்டு, அது சோம்பேறி. சாதாரண டெக்கின் சக்தி அதற்குப் போதாது. தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். நான் செய்து தருகிறேன் என்றேன். தேக்குப் பெட்டி, ஒரே குமிழ். சிவப்புப் புள்ளியை நானே வைத்தேன். பழைய குமிழின் புள்ளியில் எவ்வளவு சத்தமோ அதே அளவு. அன்றைக்கு அது நியாயமான புள்ளி. பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போவார். திரும்பும் வரை கடை என் பொறுப்பு. அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு ரெசிஸ்டரை மாற்றுவேன். கடுகு டப்பாவில் போடுகிற அளவு சாமான். அதை மாற்றினால் அதே புள்ளியில் சத்தம் கொஞ்சம் கூடும். ரொம்ப இல்லை, நேற்றைக்கு இன்றைக்கு வித்தியாசம் தெரியாத அளவு. எல்லா வெள்ளியும் செய்யவில்லை. புதுச் சத்தத்துக்கு அவர் காது பழகிவிட்டது என்று பார்த்த பிறகுதான் அடுத்ததை வைப்பேன். அவசரப்பட்டால் எந்த வேலையும் கெட்டுப்போகும்.

பாய் ஒருநாளும் புள்ளியைத் தாண்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கடைசி வரைக்கும் அவர் கை புள்ளியிலேயே நின்றது.

உருண்டையை வைத்து இதைச் செய்திருக்க முடியாது. அளவுக்கு மீறினால் உருண்டை அழும். பாஸ் பறபறவென்று கிழியும், கேட்கிறவன் கை தானாகவே குமிழைக் குறைக்கும். உருண்டையிடம் இருக்கிற ஒரே நல்ல குணம் அது. தட்டை அழுவதில்லை. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, முதல் நாள் மாதிரியே சுத்தமாகத் தரும். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை பாய் அதைத்தான் மாட்டியிருந்தார். நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போகிறது என்று சொன்னார். "மெஷினு மெருகேறுதுடா. புது மாப்பிள்ளைச் செருப்பு மாதிரி, போடப் போடத்தான் சுகம்." நான் ஜெயித்தது அங்கேதான், சார். தட்டையின் பாஸ் உயர்ந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய நிரூபணம் கிடையாது. உருண்டையாக இருந்திருந்தால் மனுஷர் பிழைத்திருப்பார்.

வருஷம் திரும்பியபோது சாப்பாடு கொண்டுவந்த சுராயா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, இவரு ரேடியோவை வைக்கிற வைப்புல பக்கத்து வீட்டுப் புள்ள முழிச்சிக்கிட்டு அழுவுது. நேத்து பாங்கு சொன்னது காதுல விழலைங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். ரெஸ்ட் எடுங்க பாய் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டினார். அந்த வெள்ளிக்கிழமை இன்னொரு ரெசிஸ்டர் மாற்றினேன்.

பிறகு ஒருநாள் பாயே சொன்னார். "காதுக்குள்ள யாரோ விசில் ஊதிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்குடா. படுத்தா இன்னும் ஜாஸ்தி." எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மின்விசிறி பேரிங் தேய்ந்தால் அப்படித்தான் வரும் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் வருகிறது, ஷெட் கேன்டீனில் வருகிறது. இந்த ஊரில் ஒருத்தனும் பேரிங்குக்கு எண்ணெய் விடுவதில்லை. பாய் மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குப்பின் பாய் பதிந்த கேசட்டுகளும் திரும்பி வர ஆரம்பித்தன. இரைச்சல் என்று அவரிடமே சொன்னார்கள். அவர் மாட்டிக் கேட்பார், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பார், என் கையில் கொடுப்பார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பேன். அது உண்மைதான். இரைச்சல் இல்லாத கேசட்டில் இரைச்சலை நான் எங்கிருந்து கொண்டுவருவது? ஆக நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி கேட்டோம். அந்த மாதங்களில் பாய் என்னை மரியாதையாக நடத்தினார். பதிகிற வேலையையும் பாதி திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தினேன். அதன்பிறகு ஆம்பை நான் தொடவே இல்லை.

பேப்பர் பறக்காமல் இருக்கிறதே. கரண்ட் போய்விட்டதா? அதுதான் வியர்க்கிறது. கீ சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த அறை விசிறியாக இருக்கும்.

முந்தாநாள் காலையில் வடுகநம்பி ஐயங்காரைப் பார்க்க ஸ்ரீரங்கம் புறப்பட்டோம். அவர் மகளின் வீணை டேப்பை இந்தத் தடவை பாய் கெடுத்துவிட்டாராம். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ் வரவில்லை. வெயிலுக்கு ஒதுங்கி, நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் பின்னால் போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் சுவர். பக்கத்தில் வெள்ளையம்மாள் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

அங்கேதான் பாய் பேச்சை எடுத்தார். என் எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"தைரியம், அன்னைக்கு உன்னைப் பதிய வேணாம்னு சொன்னேன்ல. தப்புடா. எனக்கு வந்த பிறகுதான் தெரியுது. உனக்கும் அப்ப இப்படித்தானே இருந்திருக்கும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல பாய்."

"டாக்டரு சொல்றாரு, போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்திக்கலாமாம். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். வெக்கப்படாதடா. நானே சொல்றேன் அவருகிட்ட, என் தம்பிக்கும் இதுதான்னு."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கிறேன்."

"அந்தக் கீச்சுச் சத்தம், உனக்கும் இருக்குல்ல?"

பிச்சை விசில் ஊதியது அப்போதுதான். பஸ் பின்னால் வருகிறது என்று அர்த்தம். தெளிவான விசில். பஸ் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஒரு கை நீட்டி அவரை இழுத்திருக்கலாம். கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சும்மா நின்றேன். அவ்வளவுதான். பஸ் அவரைச் சுவரோடு சேர்த்தது.

என்ன செக்ஷன் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தோள்பட்டையைக் காட்டுகிறீர்கள். ஆமாம், காறை எலும்பு உடைந்திருக்கிறது. பஸ்ஸின் பின்பக்க ஏணி இடித்துத் தள்ளியதால் நான் சாக்கடைப் பக்கம் போய் விழுந்தேன். விசில் கேட்டவன் ஏன் விலகவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. கடைசி வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. விலகியிருந்தால் அவரும் விலகியிருப்பார். அதற்காக நின்றேன்.

வெள்ளையம்மாள் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். 'விசிலும் ஊதுறான், நானும் தொண்டை கிழியக் கத்துறேன் சாமி. ரெண்டு பேரும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தர்கூடத் திரும்பலைங்க.' அவள் கொய்யாப்பழம் விற்கிறவள். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கேட்காமல் இருப்பது ஒன்று. கேட்டும் திரும்பாமல் இருப்பது இன்னொன்று. பாய் முதல் வகை. நான் இரண்டாம் வகை.

நீங்கள் நல்லவர், சார். எனக்கு ஒரு வழி காட்டுகிறீர்கள். எனக்கும் விசில் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் பஸ் விஷயம் விபத்தாகிவிடும், அந்தச் சாவு என் தலையில் வராது, ரெசிஸ்டர் கதையை எந்தக் கோர்ட்டும் நம்பாது, நான் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். பாயும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். ஒரே ஒரு வார்த்தை. அவருக்கே கொடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தைரியராஜாகிய எனக்கு விசில் கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்டபிறகுதான் சும்மா நின்றேன். பரக்கத் அலியைக் கொன்றது நான், முழு நினைவோடு, முழுக் காதோடு. இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். பேனாவைக் கொடுங்கள்.

இன்னொன்று. உங்களுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி பீரோவில் எனக்கு எல்லாம் தெரிகிறது. வாசலில் நிற்கிற கான்ஸ்டபிள் கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, ரொம்ப நேரமாக விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏட்டையா என்னடாவென்றால் காதைப் பொத்திக்கொள்கிறார். ஊதுவதாக இருந்தால் அவரை ஊதச் சொல்லுங்கள், சார். சும்மா வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.